கோடு கிழித்தவர்கள் – 14: இரண்டு பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர்

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது. ஹார்பரிலிருந்து வந்த கூட்ஸ் வண்டி கன்டெய்னர்களைச் சுமந்துகொண்டு மெல்ல ஊர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு மீன்பாடி வண்டி, தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு குட்டியானை, சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்ற பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர். பையன்கள் வாய்விட்டுப் பெட்டிகளை எண்ணினார்கள். இந்த கேட்டில் நின்று வளர்ந்த எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நானும் எண்ணினேன். எனக்கு 43 வந்தது, அவர்களுக்கு 45.

கேட்டை ஒட்டிய டீக்கடையில் நான் அடிக்கடி சந்திக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஹார்பரில் வின்ச் ஓட்டி ரிட்டையர் ஆனவர். இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிப்பவர். அன்றைக்கு அவரே கேட்டார்: "போன வாரம் கொரியாவப் பத்தி எய்தியிருந்தே தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஊரு சண்டைக்கும் நமக்கும் இன்னா சம்மந்தம்?"

"இருக்கு நைனா, இந்தத் தண்டவாளம்தான் சம்மந்தம்" என்றேன். கேட் திறந்துவிட்டதால் மேலே பேச முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

சென்ற வாரம் 1945 ஆகஸ்ட் 10-ஆம் தேதி இரவில் நிறுத்தியிருந்தேன். வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு கர்னல்கள் ஒரு நேஷனல் ஜியாகிரபிக் வரைபடத்தை விரித்துவைத்து, 38-வது அட்சரேகையில் கொரியாவை இரண்டாகப் பிரித்தார்கள். ஜப்பான் சரணடையும்போது வடக்கில் இருக்கும் படைகளை ரஷ்யர்களும் தெற்கில் இருக்கும் படைகளை அமெரிக்கர்களும் ஏற்றுக்கொள்வார்கள். அதுவரைக்குமான தற்காலிக ஏற்பாடு அது. 1910 முதல் 35 ஆண்டுகள் ஜப்பானின் காலடியில் கிடந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1948-இல் தெற்கே ஓர் அரசு, வடக்கே ஓர் அரசு என்று தற்காலிகம் நிரந்தரமாயிற்று. தெற்கில் தேர்தல் நடத்த ஐ.நா. அனுப்பிய ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் நம் நாட்டின் கே.பி.எஸ். மேனன்.

அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பலவும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தன. போரை ஆரம்பித்தது யார்? ஆக்கிரமிப்பாளர் என்று யாரைச் சொல்வது?

மழுப்பாமல் பதில் சொல்லிவிடுகிறேன். 1950 ஜூன் 25 விடியற்காலை 4 மணிக்கு எல்லை தாண்டி வந்தது வட கொரியப் படை. சோவியத் ரஷ்யா கொடுத்த டி-34 டாங்கிகள் முன்னால் வந்தன. தெற்கின் படையிடம் ஒரு டாங்கிகூட இல்லை. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. பின்வாங்கிய தென் கொரியப் படையே ஹான் ஆற்றுப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. பாலத்தின் மேல் அப்போது மூட்டை முடிச்சுகளோடு அகதிகள் போய்க்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆற்றோடு போனார்கள். காப்பாற்ற வேண்டிய படையின் கையாலேயே அவர்கள் செத்தார்கள்.

தெற்குதான் முதலில் சுட்டது என்று பல்லாண்டு காலம் ஒரு தரப்பு சொல்லிவந்தது. தமிழ்நாட்டிலும் அப்படி எழுதியவர்கள், நம்பியவர்கள் உண்டு. அவர்களில் பலர் நேர்மையானவர்கள் என்பதால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1994-இல் ரஷ்ய அதிபர் எல்ட்சின் பழைய ஆவணக் கட்டு ஒன்றைத் தென் கொரிய அதிபரிடம் ஒப்படைத்த பிறகு அந்த வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. வட கொரியத் தலைவர் கிம் இல்-சுங் 1950 வசந்தத்தில் மாஸ்கோ போய் ஸ்டாலினிடம் அனுமதி கேட்டார். சீனாவின் மாவோவும் சம்மதித்தால் சரி என்றார் ஸ்டாலின். பிறகு பெய்ஜிங் போய் அந்தச் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டார் கிம். தாக்குதல் திட்டத்தை வகுப்பதில் சோவியத் ராணுவ ஆலோசகர்களின் கை இருந்தது.

இந்த அத்தியாயத்தில் என்னை அதிகம் உறுத்துவது ஸ்டாலினின் பங்குதான். டாங்கி கொடுத்தார், திட்டம் கொடுத்தார், ஆசீர்வாதம் கொடுத்தார். போர்முனைக்குத் தரைப்படையை அனுப்பவில்லை. பின்னால் விமானிகளை அனுப்பியபோதும் மிக் விமானங்களில் சீன, கொரியச் சின்னங்களைத் தீட்டி, ரகசியமாகப் பறக்கவிட்டார். சாவதற்குக் கொரியர்கள் இருந்தார்கள், பிறகு சீனர்கள் வந்து சேர்ந்தார்கள். பிளந்த வீட்டின் ஒரு பிள்ளையிடம் அரிவாளைக் கொடுத்துவிட்டு, தெருமுனையில் நின்று வேடிக்கை பார்க்கும் பெரிய மனிதரை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். வழக்கு என்று வந்தால் அவர் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்காது.

வடக்கு தாக்கிய அன்றைக்கு ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் இந்தியாவின் பி.என். ராவ். கம்யூனிஸ்ட் சீனாவுக்கு இடம் தரவில்லை என்ற கோபத்தில் சோவியத் பிரதிநிதி சபைக்கே வராமலிருந்தார். அதனால் தடுப்பதற்கு ஆளில்லை. வடக்கின் தாக்குதலைக் கண்டித்த தீர்மானம் நிறைவேறியது, இந்தியாவும் ஆதரித்தது. ஆனால் போரிடப் படை அனுப்ப மாட்டோம் என்றார் நேரு. ஒரு மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பினார். அந்தப் பிரிவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது.

60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்பது அதன் பெயர். தலைவர் லெஃப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்று முழுப்பெயரைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும். இந்தியப் படையில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவர். 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து வடக்கே பியோங்யாங் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே சீனப் படை வெள்ளமாக இறங்க, அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. படைகள் அந்த நகரைக் கைவிட்டு ஓடத் தொடங்கின. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாருங்கள் என்று உத்தரவு. ரங்கராஜின் ஆட்களிடம் லாரி இல்லை. மருந்துப் பெட்டிகளையும் அறுவை சிகிச்சைக் கருவிகளையும் விட்டுவிட்டுப் போனால் மருத்துவப் பிரிவு என்ற பெயருக்கே பொருளில்லை.

ரயில்வே யார்டில் ஒரு பழைய நீராவி எஞ்சின் கேட்பாரற்று நின்றது. எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் அந்தப் பிரிவிலேயே இருந்தார்கள். பாய்லரில் தண்ணீர் இல்லை. உறையவைக்கும் டிசம்பர் குளிரில் சிப்பாய்கள் வரிசையாக நின்று, தண்ணீரை பக்கெட் பக்கெட்டாகக் கைமாற்றி பாய்லரை நிரப்பினார்கள். தீ மூட்டி, நீராவி ஏறக் காத்திருந்து, கருவிகளையும் காயம்பட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு, பாலத்தைத் தகர்ப்பதற்குச் சற்று முன்னால் ஆற்றைக் கடந்தார்கள். 'பக்கெட் ரயில்' என்று ராணுவ வரலாற்றில் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. தண்டையார்பேட்டை யார்டில் கரி எஞ்சின் காலத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால், பக்கெட்டால் ஒரு பாய்லரை நிரப்புவது எத்தனை நேர வேலை, எத்தனை பேர் கைவலி என்று அவர்களால் சொல்ல முடியும். மூன்று ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பிரிவு கொரியாவில் இருந்தது. காயம்பட்டு வந்தவர் எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்காமல் கட்டுப் போட்டது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

சீனப் படை எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1950 செப்டம்பர் 15-ஆம் தேதி ஐ.நா. படைத் தளபதி ஜெனரல் மெக்ஆர்தர் இஞ்சோனில் படையை இறக்கி, வட கொரியர்களின் முதுகெலும்பை முறித்தார். மாத முடிவுக்குள் சியோல் மீண்டது. வந்தவர்களை விரட்டியாயிற்று, கோடு பழையபடி கோடாக இருக்கிறது, போர் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் கோட்டைத் தாண்டி வடக்கே போய் மொத்த நாட்டையும் எடுத்துக்கொள்வது என்று அமெரிக்கா முடிவெடுத்தது. அக்டோபர் 2 நள்ளிரவு தாண்டிய வேளையில், பெய்ஜிங்கில் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி சீனப் பிரதமர் சூ என்லாய் வரச்சொன்னார். அமெரிக்கப் படை 38-வது கோட்டைத் தாண்டினால் சீனா சும்மா இருக்காது என்று சொல்லி அனுப்பினார். பணிக்கர் டெல்லிக்குச் சொன்னார், டெல்லி வாஷிங்டனுக்குச் சொன்னது. பணிக்கர் சீனாவின் பேச்சைத் திருப்பிச் சொல்பவர் என்று வாஷிங்டன் அதைத் தள்ளிவிட்டது. அமெரிக்கப் படை தாண்டியது. அக்டோபர் 19-ஆம் தேதி சீனப் படை எல்லையிலுள்ள யாலு ஆற்றைக் கடந்தது.

ஜூன் மாதத்தில் ஆக்கிரமிப்பைத் தடுக்க வந்த நாடு, அக்டோபரில் ஆக்கிரமிப்பு செய்தது. இதைச் சொன்னால் இரண்டு தரப்பு நண்பர்களுக்கும் என்மேல் வருத்தம் வரும். ஆனால் நடந்தது அதுதான். போர் முழுவதிலும் கொரியாவின் மேல் அமெரிக்கா கொட்டிய குண்டுகள் 6,35,000 டன். நாபாம் மட்டும் 32,557 டன். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களம் முழுவதிலும் போட்டதைவிட இது அதிகம். வடக்கில் நகரம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சவில்லை. மக்கள் மண்ணுக்கடியில் குழி தோண்டி வாழ்ந்தார்கள். அந்தக் குழிகளில் பிறந்த குழந்தைகளுக்கு ஸ்டாலின் யார், கிம் யார் என்று என்ன தெரியும்?

சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவிக்கும் தீர்மானம் 1951 பிப்ரவரி 1-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 44, எதிர்ப்பு 7. எதிர்த்த 7 பேரில் 5 பேர் சோவியத் அணி. மீதி இரண்டு, இந்தியாவும் பர்மாவும். வடக்கு செய்தது ஆக்கிரமிப்பு என்று ஜூனில் சொன்ன அதே இந்தியா, பிப்ரவரியில் சீனாவுக்கு அந்தப் பட்டம் கட்ட மறுத்தது. பட்டம் கட்டிவிட்டால் பேச்சுவார்த்தைக்குக் கதவு அடைபடும் என்பது நேருவின் வாதம். பதினொரு ஆண்டு கழித்து 1962-இல் இமயமலையில் நமக்கு விழுந்த அடியைக் காட்டி, நேரு அன்றைக்கே ஏமாந்துவிட்டார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீனா செய்தது சரி என்று அன்றைக்கு இந்தியா சொல்லவில்லை. சண்டையை நிறுத்த இரண்டு பக்கத்தோடும் பேசக்கூடிய ஒரு ஆளாவது மிச்சமிருக்க வேண்டும் என்றது. பின்னால் அந்த ஒரு ஆள் தேவைப்பட்டது.

எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் நம் ஹார்பருக்கு வரும் கதை.

1951 ஜூலையில் பேச்சுவார்த்தை தொடங்கியபோது, கிளம்பிய இடத்துக்கே இரண்டு படைகளும் ஏறக்குறைய திரும்பி வந்திருந்தன. நிலம் பற்றிப் பெரிய தகராறு மிச்சமில்லை. ஆனாலும் போர் இன்னும் இரண்டு ஆண்டு நடந்தது. முக்கியக் காரணம் கைதிகள். போர் முடிந்ததும் கைதிகள் எல்லோரையும் தாமதமில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது 1949 ஜெனீவா ஒப்பந்தம். எங்கள் ஆட்கள் எல்லோரையும் கொடு என்றன சீனாவும் வட கொரியாவும். போக விரும்பாதவர்களை அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கா. கேட்கும்போது இரண்டுமே நியாயமாகத்தான் தெரியும். அமெரிக்கர்கள் நடத்திய முகாம்களின் முள்வேலிக்குள் நிலைமை வேறு. கம்யூனிசத்துக்கு எதிரான வாசகங்களைக் கைதிகளின் உடம்பில் கட்டாயமாகப் பச்சை குத்தினார்கள். பச்சை குத்தியவன் ஊருக்குத் திரும்பினால் என்ன ஆவான் என்று அவனுக்கே தெரியும். இன்னொரு முகாமில் கம்யூனிஸ்ட் கைதிகள் தனி நீதிமன்றம் நடத்தித் தங்களோடு இருந்தவர்களையே கொன்றார்கள். கோஜே தீவு முகாமில் 1952 மே மாதம் அமெரிக்க கமாண்டர் ஜெனரல் டாட்டையே கைதிகள் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாடு இரண்டாகி, நாங்கள்தான் உண்மையான நாடு என்று இரண்டு பாதியும் சொல்லும்போது, அந்தப் பாதிகளைத் தாங்கிப்பிடித்த வல்லரசுகளுக்குச் சாட்சி தேவைப்பட்டது. கைதிகள் அந்தச் சாட்சிகள் ஆனார்கள். எத்தனை பேர் எங்கள் பக்கம் வருகிறேன் என்றார்கள் என்ற கணக்குக்காக, களத்தில் இன்னும் பல்லாயிரம் பேர் செத்துக்கொண்டிருந்தார்கள்.

முடிச்சை அவிழ்க்கும் வரைவை ஐ.நா.வில் வைத்தவர் வி.கே. கிருஷ்ண மேனன். கோழிக்கோட்டில் பிறந்து, நம் கடற்கரை எதிரில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்தவர். போக மறுக்கும் கைதிகளை நடுநிலை நாடுகளின் ஆணையத்திடம் ஒப்படைப்பது, அவரவர் நாட்டு ஆட்கள் வந்து பேசிப் பார்ப்பது, பிறகு கைதியே முடிவெடுப்பது என்பது அதன் சாரம். 1952 டிசம்பரில் பொதுச்சபை அதை ஏற்றது. சோவியத் அணி எதிர்த்தது, சீனா நிராகரித்தது. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். ஜூலை 27-ஆம் தேதி போர்நிறுத்தம் கையெழுத்தானபோது, அதன் கைதிகள் பகுதி ஏறத்தாழ மேனன் சொன்ன மாதிரியே இருந்தது.

ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா, இந்தியா என்ற ஐந்து நாட்டு ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா. கைதிகளைக் காவல்காக்கும் படை முழுக்க இந்தியாவினுடையது. தளபதி மேஜர் ஜெனரல் தோரட். தென் கொரிய அதிபர் சிங்மான் ரீக்கு இந்தியா என்றாலே ஆகாது. என் மண்ணில் ஓர் இந்தியச் சிப்பாய் கால் வைக்கக் கூடாது என்றார். அதனால் இஞ்சோனில் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களை அமெரிக்க ஹெலிகாப்டர்களில் தூக்கி, படைகள் விலகிய நடுப்பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். தரையில் நடக்க அனுமதியில்லாததால் வானத்தில் போனார்கள். அங்கே அவர்கள் அமைத்த முகாமுக்கு 'ஹிந்த் நகர்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தியக் காவலுக்கு வந்து சேர்ந்த கைதிகள், ஐ.நா. தரப்பிலிருந்து 22,604 பேர். அவர்களில் 14,704 பேர் சீனர்கள். மறு தரப்பிலிருந்து 359 பேர். ஒருமுறை கைதிகள் ஓர் இந்திய மேஜரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். தோரட் கையில் ஆயுதமில்லாமல் முள்வேலிக்குள் நுழைந்து, பேசி, அவரை மீட்டுக்கொண்டு வந்தார். எல்லா நாளும் அப்படி முடியவில்லை. வேலியை உடைக்க வந்த கூட்டத்தின்மேல் இந்தியக் காவலர்கள் சுட்டுக் கைதிகள் இறந்ததும் உண்டு. நடுநிலை என்று சொல்லிப் போனவர்களின் கையிலும் ரத்தம் பட்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

கைதியிடம் பேசுவதற்கு அக்டோபரில் கூடாரங்கள் போட்டார்கள். ஒரு வாசல் வழியாகக் கைதி வருவான். அவன் நாட்டு அதிகாரிகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா காத்திருக்கிறாள், நிலம் கிடைக்கும், தண்டனை கிடையாது என்று சொல்வார்கள். வெளியே போக இரண்டு வாசல். ஒன்று ஊருக்கு, மற்றது மறுபடியும் முகாமுக்கு. பலர் உள்ளே வரும்போதே கத்திக்கொண்டும் துப்பிக்கொண்டும் வந்தார்கள். அவர்களை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இந்தியச் சிப்பாய்கள். எந்த மொழியும் புரியாமல், நாளெல்லாம், அடுத்தவன் ஊரைத் துறப்பதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. கடைசியில் 22,604 பேரில் ஊர் திரும்பியவர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்களில் சீனர்கள் தைவானுக்கும் கொரியர்கள் தெற்குக்கும் போனார்கள். வாஷிங்டன் அதை வெற்றி என்றது. மறு தரப்பில் இருந்த 21 அமெரிக்கர்கள் சீனாவிலேயே இருந்துவிட்டதை பெய்ஜிங் வெற்றி என்றது.

யாருடைய வெற்றிக் கணக்கிலும் சேராமல் 88 பேர் நின்றார்கள்.

வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், மாவோவும் வேண்டாம், தைவானின் சியாங்கும் வேண்டாம் என்றவர்கள். 76 பேர் கொரியர்கள், 12 பேர் சீனர்கள். இப்படிச் சொன்னவர்களைக் கூடாரத்திலிருந்து உடனே தனியே பிரித்துவைக்க வேண்டியிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரனுக்குத் தெரிந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. எந்த நாட்டுக்குப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. காவல்காத்த படை ஊர் திரும்பும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவாயிற்று.

1954 பிப்ரவரியில் 'அஸ்டூரியஸ்' என்ற பிரிட்டிஷ் துருப்புக் கப்பல் இஞ்சோனிலிருந்து கிளம்பி மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கப்பலை உடைக்கக் கொண்டுபோனபோது, டைட்டானிக் பற்றிய ஓர் ஆங்கிலப் படத்துக்கு டைட்டானிக்காக அதையே நடிக்கவைத்தார்கள் என்பது தனிக்கதை. கடலிலிருந்து வருபவர்களுக்கு அன்றைக்கு முதலில் தெரிவது உயர்நீதிமன்றக் கோபுரத்து உச்சியில் இருந்த கலங்கரை விளக்கம். முதலமைச்சராக ராஜாஜி இருந்த கடைசி மாதங்கள் அவை.

பகைவன் வருவதைக் கடல் பக்கம் பார்த்தே பழகிய ஊர் இது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்டபோது துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானது. அதே ஜப்பானின் ஆட்சியில் பிள்ளைப்பருவத்தைக் கழித்தவர்கள்தான் இந்தக் கொரியர்கள். கப்பலின் படிக்கட்டில் அவர்கள் கையில் ஒரு பையோடு இறங்கினார்கள். அங்கிருந்து ரயிலில் டெல்லி.

மெட்ராஸிலிருந்து டெல்லிக்குப் போகும் பாதை கொருக்குப்பேட்டை, எண்ணூர், கும்மிடிப்பூண்டி, கூடூர். ஹார்பரில் ஏறினாலும் சென்ட்ரலில் ஏறினாலும் இரண்டு தண்டவாளமும் வந்து சேரும் இடம் நம்முடைய ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி தாண்டினால் அன்றைக்குப் புத்தம்புதிய எல்லை ஒன்று இருந்தது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட பிறகு, 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திரா தனி மாநிலமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மெட்ராஸ் யாருக்கு என்ற சண்டையின் சூடு ஆறவில்லை. கொருக்குப்பேட்டையில் தமிழும் தெலுங்கும் ஒரே குழாயடியில் பேசிய வீடுகள் அன்றைக்கும் இருந்தன, இன்றைக்கும் இருக்கின்றன. அந்தக் கோட்டைக் காக்க இந்தப் பக்கம் ஒரு வல்லரசும் அந்தப் பக்கம் ஒரு வல்லரசும் வந்து டாங்கி கொடுக்கவில்லை. கோடு எல்லா ஊரிலும் விழுகிறது. அதன்மேல் யார் வந்து நிற்கிறார்கள் என்பதில்தான் கொரியாவுக்கும் நமக்கும் வித்தியாசம்.

டெல்லி கன்டோன்மென்ட்டில் அவர்களைத் தங்கவைத்தார்கள். ஏற்றுக்கொள்ளும் நாட்டுக்காக இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். பலர் கேட்டது மெக்சிகோ. மெக்சிகோ கதவைத் திறக்கவில்லை. 1956-இல் பெரும்பாலானோர் பிரேசிலுக்கும் ஒரு பகுதியினர் அர்ஜென்டினாவுக்கும் கப்பல் ஏறினார்கள். சிலர் மனம் மாறி விட்டுவந்த பக்கத்துக்கே திரும்பினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் இந்தியாவிலேயே தங்கி, கோழிப்பண்ணை, வியாபாரம் என்று பிழைத்தார்கள். இரண்டு கொரியாக்களோடும் இந்தியா முழுத் தூதரக உறவு வைத்துக்கொண்டது 1973 டிசம்பர் 10-ஆம் தேதி. இரண்டோடும் ஒரே நாளில்.

இந்தக் கதையை எழுதும்போது அதே ஹார்பரில் நடந்த இன்னொரு வருகை என் மனதை விட்டுப் போகவில்லை. 1990 மார்ச் 24-ஆம் தேதி திரிகோணமலையிலிருந்து கிளம்பிய இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தது. வரவேற்கப் போக மாட்டேன் என்று முதலமைச்சர் கருணாநிதி மறுத்துவிட்டார். 1954-இல் வந்து இறங்கிய இந்தியச் சிப்பாய் அடுத்தவர் சண்டையில் வேலிக்கு நடுவே நின்றுவிட்டு வந்தவன். 1987-இல் ஈழத்துக்குப் போன சிப்பாயும் அமைதி காக்கத்தான் போனான். இரண்டே மாதத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் சண்டை போட்டான். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் செத்தார்கள். திரும்பி வராத இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேல். திம்மையாவிடமும் தோரட்டிடமும் இருந்த எது 1987-இல் டெல்லியிடம் இல்லாமல் போயிற்று என்பதை இந்தத் தொடரில் விரிவாகவே எழுதப்போகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கொரியாவில் இந்தியாவுக்கு எந்தப் பாதியும் தன்னுடையதாக வேண்டும் என்ற ஆசை இல்லை.

கொரிய எழுத்தாளர் சோய் இன்-ஹுன் 1960-இல் எழுதிய 'சதுக்கம்' என்ற நாவல் அந்த நாட்டில் இன்றும் எல்லோரும் படிக்கும் நாவல். நாயகன் ஒரு போர்க்கைதி. வடக்கிலும் வாழ்ந்து தெற்கிலும் வாழ்ந்து, இரண்டும் வேண்டாம் என்று நடுநிலை நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறான். கப்பலின் பெயர் 'தாகூர்'. போகும் வழியில் கடலில் விழுந்து மறைந்துபோகிறான். அந்த எழுத்தாளருக்கு அவனைக் கரைசேர்க்க வழி தெரியவில்லை. நிஜத்தில் கப்பல் ஏறியவர்கள் கரைசேர்ந்தார்கள், நம் ஊரில்.

இதையெல்லாம் நேற்று டீக்கடையில் பெரியவரிடம் சொன்னேன். கேட் மறுபடியும் போட்டிருந்ததால் நேரமிருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்தார்.

"அன்னிக்கும் இங்க ஜனங்க நின்னுருப்பாங்க இல்ல தம்பி? வண்டி போவட்டும்னு."

"நின்னுருப்பாங்க நைனா."

"பொட்டிய எண்ணியிருப்பாங்க" என்றார்.

வண்டி கடந்துபோனது. கேட்மேன் கேட்டைத் தூக்கினார். இரண்டு பக்கமும் காத்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் தண்டவாளத்தின்மேல் ஏறினார்கள்.

(தொடரும்)